ஒன்பது செகண்ட்

புது போனில் அந்தப் பதிவு பதினோரு செகண்ட் என்று காட்டியது.

பக்தவச்சலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி பனியன் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பதினொன்றுதான். பழைய போனில் அது ஒன்பது. பத்து மாதமாகக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் அவள் மூச்சு வாங்குவாள், எந்தச் சொல்லில் குரல் கரகரக்கும், எங்கே வந்து சட்டென்று அறுந்துபோகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒன்பதுக்கு மேலே அதில் ஒரு நொடி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலடிப்பேட்டையில் ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு; அதன் மாடிப் போர்ஷனில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறார். காலையில் பெய்த ஐப்பசி மழை ஓய்ந்து, மொட்டைமாடிக் குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கடல் இரண்டு தெரு தள்ளி இரைந்தது. அந்த இரைச்சலைத் தவிர வீட்டில் பேச ஆள் இல்லை.

போனை வாங்கி அனுப்பியது மகள் கீர்த்தி. பெங்களூரில் வேலை. பட்டனே இல்லாத, விரலால் தேய்க்கிற போன். "பழச கடாசுப்பா. பேட்டரி உப்பிப் போயி கீது, என்னிக்கினா வெடிக்கப் போவுது" என்று தீபாவளிக்கு வந்தபோதே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவருக்குத்தான் மனசு வரவில்லை. அதில் இருந்த இருநூத்திப் பன்னிரண்டு பாட்டும் மனைவி செங்கொடி சேர்த்தது. ஒவ்வொருவர் நம்பருக்கும் ஒவ்வொரு ரிங்டோன் வைத்ததும் அவள்தான். கீர்த்தி கூப்பிட்டால் பூனை கத்தும். ஃபோர்மேன் கூப்பிட்டால் ரயில் ஊதும். அவள் தம்பிக்கு நாய் குரைக்கும். தன் நம்பருக்கு மட்டும் எதுவும் பிடிக்காமல், ஒருநாள் சமையல்கட்டில் நின்றபடியே போனை வாயருகே வைத்துத் தன் குரலையே பதிந்துவிட்டாள்.

"யோவ்... யோவ்! நான்தான்யா. எத்தினி தபா கூவுறது? எடுய்யா போன!"

அதற்கப்புறம் ஒரு சிரிப்பு கிளம்பும். தொண்டையில் 'க்' என்று ஏறும்போதே அறுந்துவிடும். அவ்வளவுதான் ஒன்பது செகண்ட். செங்கொடி என்ற மனுஷியில் அவரிடம் மிச்சம் இருந்தது அதுதான்.

காலையில் ஹைரோட்டில் தாவூது கடைக்குப் போயிருந்தார். பீரோ அகலத்துக்கு ஒரு செல்போன் கடை. தாவூது பழைய போனை வயரில் மாட்டிப் பாட்டு, போட்டோ, ரிங்டோன் எல்லாவற்றையும் முதலில் தன் கம்ப்யூட்டருக்கு இழுத்து, அங்கிருந்து புது போனுக்கு ஏற்றினான். நடுவில் செங்கொடியின் பதிவைப் போட்டுப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தான்.

"யாருண்ணே, அண்ணியா? சோக்கா கீதுண்ணே!"

"ம்" என்றார் பக்தவச்சலம். அவள் செத்துப்போனதைச் சொல்லவில்லை. யாரோ ஒருவன் அவளை உயிரோடு இருப்பவளாக நினைத்துச் சிரித்தது, ஒரு நிமிஷம் இதமாக இருந்தது. எல்லாம் ஏறி முடிந்ததும் தாவூது பழைய போனின் பேட்டரியைக் கழற்றிக் காட்டினான். பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. "இனிமே இத்த மாட்டாதீங்க" என்று அவனே குப்பையில் போட்டான்.

இப்போது அந்தப் பதினோரு செகண்ட்.

விரலை வைத்தார். யோவ்... யோவ்... எத்தினி தபா... எடுய்யா போன. பிறகு அந்தச் சிரிப்பு. அறுபடும் இடம் வந்தது. அறுபடவில்லை. சிரிப்பு மேலே ஏறி, குலுங்கி, முழுசாக முடிந்தது. அவள் சிரித்து முடிக்கும்போது மூக்கால் விடுகிற அந்தச் சின்ன மூச்சு வரைக்கும் கேட்டது.

பக்தவச்சலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பழைய போனில் இடம் போதாமல் வெட்டியிருக்கும், இதில் முழுசாக வந்திருக்கிறது என்று நினைத்தார். அந்தச் சிரிப்பைச் சாயங்காலம் வரைக்கும் போட்டுப் போட்டுக் கேட்டார். பிறகு, இனி அழைப்பே வரப்போகாத அவள் நம்பருக்கு அதையே ரிங்டோனாக வைத்தார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது அது இருபத்தாறு செகண்டாக இருந்தது.

சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். சிரிப்பு முடிந்த பிறகு குழாய் ஓடியது. அலுமினியக் குண்டானில் தண்ணீர் விழுந்து, அடியில் கணகணவென்று தொடங்கி நிறைய நிறையக் கனத்துப்போகிற சத்தம். யாரோ குழாயை மூடினார்கள். கண்ணாடி வளையல் ஒன்று குண்டான் விளிம்பில் உரசியது.

தலையைத் தூக்கிச் சமையல்கட்டைப் பார்த்தார். பத்து மாதமாக அங்கே அடுப்பு பற்றவைக்கவில்லை. காலையில் கம்பெனி கேன்டீன், ராத்திரிக்கு மெஸ். குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. ஆனாலும் எழுந்து போய்த் தொட்டியைத் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது.

கீர்த்திக்குப் போன் போட்டார்.

"பாப்பா, ஒரு ஃபைலு தானா பெருசாவுமா?"

"இன்னாப்பா ஃபைலு?"

"அம்மா பேசுனது. அந்த ரிங்டோனு. ஒம்போது செகண்டு இருந்துச்சு, இப்ப இருவத்தாறு காட்டுது."

மறுமுனையில் கொஞ்ச நேரம் யாரோ இங்கிலீஷில் பேசுவது கேட்டது. "கடைல மாத்தும்போது எதுனா ஆயிருக்கும்ப்பா. அத்தயே கேட்டுகினு இருக்காத. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"எனக்கும் அத்த அனுப்பேன். அம்மா வாய்ஸ் என்னாண்ட இல்லவே இல்ல."

"அனுப்புறேன்" என்றார். அனுப்பவில்லை. ஏன் என்று அவருக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை அது ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட்.

அன்றைக்குக் கம்பெனிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பியிருந்தது. எண்ணூர் ரோட்டின் கரித்தூளும், மூக்கை அறுக்கிற அந்த நவச்சார நெடியும் ஜன்னல் கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக உள்ளே வந்து துணியில், தலையணையில், நாக்கில் படிந்தது. இந்தக் காற்று அடிக்கிற நாட்களில்தான் செங்கொடிக்கு மூச்சிழுப்பு வரும். ஹார்பரில் மூட்டை தூக்கி, யூனியனில் கொடி பிடித்த அவள் அப்பனுக்கும் இருந்தது. அவன் பெண்ணுக்கு வைத்துவிட்டுப்போன சொத்து இரண்டு, பெயரும் இழுப்பும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

போனில் குழாய்ச் சத்தத்துக்கு அப்புறம் இருமல் வந்தது. முதலில் ஒன்று. கொஞ்சம் விட்டு இரண்டு. அப்புறம், பழைய கதவுக்கீல் திரும்புவது மாதிரி, நீளமாக, மெல்லிசாக, ஒரு மூச்சு உள்ளே போக முயன்றது.

அவர் நிறுத்தினார்.

இது அந்த ரிங்டோன் பதிந்த நாள் இல்லை. அன்றைக்கு அவள் நன்றாக இருந்தாள். இந்த இருமல், இந்தக் காற்று, இந்த மூச்சு வேறொரு நாளுடையது. அந்த நாளன்று வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. பதிந்துவைக்கவும் யாரும் இல்லை.

தை மாசம். செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அவர் கதவைத் தள்ளியபோது கதவு முழுசாகத் திறக்கவில்லை. உள்ளே கதவை ஒட்டி அவள் கிடந்தாள். நாலு தடவை அவருக்குப் போன் போட்டிருந்தாள். "கம்பெனி உள்ள போன் எடுத்துகினு போவக்கூடாது, கேட்டாண்ட லாக்கர்ல வெச்சிட்டேன், நான் இன்னா பண்ணுவேன்" என்று பாடையைத் தூக்கும்வரை வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். கீர்த்திதான் அவர் தலையை மடியில் வைத்து, "உன் தப்பு இல்லப்பா" என்று தேற்றினாள்.

வியாழக்கிழமை போனைத் தொடவில்லை. துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சும்மா படுத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. பீரோவுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. சத்தம் இல்லாததுதான் தாங்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவருக்குத் தன் மூச்சே இரண்டு பேர் விடுவது போலக் கேட்டது.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. பகல் பதினோரு மணிக்குப் பீரோவைத் திறந்தார்.

ஆறு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட்.

கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் குரல் அது. அவளுடைய கடைசி நேரம் அதில் இருந்தால், அதில் தனியாக அவளை எப்படி விடுவது? ஜன்னலைச் சாத்தினார். போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்தார்.

இருமல். இழுப்பு. டப்பாக்களை உருட்டித் தேடுகிற கை. மூச்சுக்காக வாயில் மருந்தடிக்கிற பம்பை அழுத்தினாள். 'புஸ்' என்று காலியாக ஒரு சத்தம். மறுபடி. மறுபடி. அப்புறம் போன் பட்டன்கள். எதிர்முனையில் மணி போனது. சன்னமாக, நீளமாக, அடங்கும்வரை போனது. எடுப்பவர் இல்லை. இரண்டாவது தடவை. மணி அடங்கியது. மூன்றாவது தடவை. நடுவில் அவள், "எடுய்யா..." என்றாள். ரிங்டோனில் இருக்கும் அதே சொல். சிரிப்பு இல்லாமல்.

நான்காவது தடவை மணி போனது. ஒன்று. இரண்டு.

வெட்டுப்பட்டது.

டூ, டூ, டூ, டூ.

பக்தவச்சலம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சத்தம் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று இதுநாள் வரை நினைத்திருந்தார்.

லாக்கரில் இருந்தபோது வந்தது மூன்று. நான்காவது வந்தபோது போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. டீ குடிக்க கேட்டுக்கு வெளியே வந்திருந்தார். பக்கத்தில் புதுசாக வந்த இன்ஜினியர். பையன் வயசு, அவரிடம் 'சார்' என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துப் பைக்குள்ளிருந்து, "யோவ்... யோவ்! நான்தான்யா" என்று அவள் கத்தினாள். டீக்கடையே சிரித்தது. இன்ஜினியரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். முகம் சுட்டது அவருக்கு. எடுத்துச் சிவப்புப் பட்டனை அழுத்தினார். மூன்று மிஸ்டு கால் இருப்பதையும் பார்த்தார். வரும்போது மீன் வாங்கி வா என்பதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்துக்கொண்டு, போனைத் திரும்ப லாக்கரில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கீர்த்தியிடம் சொல்லவே முடியாது.

போனில் இப்போது தரையில் புடவை உரசும் சத்தம். கையை ஊன்றி, ஊன்றி, கதவை நோக்கி. இழுப்பு சின்னதாகிக்கொண்டே வந்தது. நூல் மாதிரி. அப்புறம் அதுவும் இல்லை. வெறும் வீடு. மொட்டைமாடிக் குழாய் சொட்டுகிற சத்தம். தூரத்தில் கூட்ஸ் வண்டி.

பதிவு நின்றது. எழுந்தபோது பனியன் முழுக்க நனைந்திருந்தது. அவர் கண்ணெதிரிலேயே ஆறு நிமிஷம் பன்னிரண்டு, ஆறு நிமிஷம் பதின்மூன்று ஆனது.

சனிக்கிழமை சாயங்காலம் தாவூது கடைக்கு நடந்தார். தூறிக்கொண்டிருந்தது. ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று புகைத்துக்கொண்டிருந்தன.

"இதுல இருக்கிறத அழிக்கணும்" என்றார்.

"இன்னாண்ணே, ஒரு வாரத்துலயே பேஜாரா?" தாவூது போனை வாங்கித் தேய்த்துப் பார்த்தான். "எது, அண்ணி ரிங்டோனா? இத்த ஏன் அழிக்கிறீங்க?"

"எத்தினி செகண்டு காட்டுது?"

"ஒம்போது."

"நல்லா பாரு."

"ஒம்போதுதான்ணே." போட்டான். யோவ்... யோவ்... எடுய்யா போன. சிரிப்பு 'க்' என்று அறுந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. தாவூது அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "ஒடம்பு சரியில்லையாண்ணே? உக்காருங்க."

அவர் போனைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் கையில் அது ஒன்பது நிமிஷம்.

"ஒன் கம்ப்யூட்டர்ல இருக்குதே, அத்தயும் அழிச்சிடு."

தாவூது தலையைச் சொறிந்தான். "அழிக்கிறேன். ஆனா ஒண்ணு, கோவிச்சிக்காதீங்க. காமெடியா இருந்துச்சின்னு பாட்டு ஏத்த வந்தவங்களுக்கெல்லாம் சேத்துப் போட்டு வுட்டேன். ஷேர் ஆட்டோக்காரங்க, மார்க்கெட்டுக்காரங்க, காலேஜ் பசங்க. இந்த ஹைரோடு பூரா அண்ணி கொரலுதான் போங்க."

பக்தவச்சலம் நின்ற இடத்திலேயே, அழிக்கவா என்று போன் கேட்ட இடத்தில் விரலை வைத்தார். அழுத்தினார். பட்டியலில் அந்த வரி மறைந்தது. கடைக்குள் மின்விசிறிச் சத்தம் ஒரு கணம் பெரிதாகக் கேட்டது. பத்து மாதத்தில் முதல் தடவையாக அவரிடம் அவளில் எதுவும் மிச்சம் இல்லை.

வெளியே வந்தார். தேரடி பஸ் ஸ்டாப்பில் கூட்டம் மொய்த்தது. சனிக்கிழமைக் கூட்டம். கருவாட்டுக் கூடையோடு ஒரு கிழவி, சீருடையில் இரண்டு நர்ஸ் பெண்கள், ஷிஃப்ட் முடிந்த ஆட்கள், ஷேர் ஆட்டோக்கள். யாருக்கும் அவரைத் தெரியாது. தூறலுக்கு எல்லோரும் கடை ஓரமாக ஒட்டி நின்றார்கள். அவரும் போய் ஒட்டிக்கொண்டார். பக்கத்து ஆள் தோள் பட்டது. சூடாக இருந்தது. அதுகூட ஆறுதலாக இருந்தது.

கரண்ட் போனது. கடை விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து, ரோடு சாம்பல் நிறமானது.

"யோவ்... யோவ்!"

ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் பையிலிருந்து. அவர் திடுக்கிட்டார், தாவூது சொன்னது ஞாபகம் வந்து மூச்சை விட்டார். ஆட்டோக்காரன் போனை எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"நான்தான்யா." இது நர்ஸ் பெண்ணின் கைப்பையிலிருந்து.

"எத்தினி தபா கூவுறது?" பின்னாலிருந்து.

"எடுய்யா போன!" கூடைக்குள்ளிருந்து. லாரிக்குள்ளிருந்து. எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையிலிருந்து.

எல்லாம் சேர்ந்து சிரித்தன. சிரிப்பு அறுபடவில்லை.

குழாய் ஓடியது.

லாரிக்காரர்கள் என்ஜினை அணைத்தார்கள். தூறல் தகரத்தில் விழுவது கேட்டது. அதற்கு மேலே இருமல். அம்பது, அறுபது போனிலிருந்து ஒரே இருமல். பிறகு ரோடு நெடுக அந்த மூச்சு. உள்ளே போக முடியாத மூச்சு.

எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

கேட்டார்கள்.

தலையைக் குனிந்து, கவனமாக. மணி போனது. அடங்கியது. போனது. அடங்கியது. போனது. அடங்கியது.

ஓட வேண்டும் என்று நினைத்தார். சுற்றிலும் தோள்கள் நெருக்கி நின்றன.

போனது. ஒன்று. இரண்டு.

டூ, டூ, டூ, டூ.

முதலில் கருவாட்டுக் கிழவி நிமிர்ந்தாள். பிறகு ஆட்டோக்காரன். நர்ஸ் பெண்கள். எதிர்ப்பக்கம் ஆட்கள். கடை வாசலில் தாவூது. ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்கள். கோபம் இல்லை அந்த முகங்களில். சிரிப்பும் இல்லை. போன் வெளிச்சத்தில் கன்னம் மட்டும் நீலமாகத் தெரிந்தது.

"நான்... லாக்கர்ல..." என்றார்.

கிழவி தன் போனைக் காதிலிருந்து எடுத்தாள். மெதுவாகக் கையை நீட்டினாள்.

"ஒனக்குத்தான் நைனா" என்றாள். "எடு."

அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஆட்டோ ஜன்னல்களிலிருந்து, லாரிகளின் மேலேயிருந்து, இருட்டிய ஹைரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், மழையில் நனைந்தபடி, வெளிச்சம் எரிகிற போன்களோடு எல்லாக் கைகளும் அவரை நோக்கி நீண்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருத்தி தரையில் கையை ஊன்றி, ஊன்றி, நெருங்கி வந்துகொண்டிருந்தாள்.